ஏழு கால் சாட்சி

பிணம், செயலாளரின் மேஜை டிராயரில் இருந்தது. ஒரு காலைக் காணோம்.

கதவைத் தாழிட்டுவிட்டு டிராயரைத் திறந்தார். நல்லவேளை, வைத்தது வைத்தபடி இருந்தது. விரல் நீளக் கண்ணாடிக் குப்பி. உள்ளே ஆல்கஹாலில் ஊறிக்கொண்டு, முதுகில் மஞ்சள் கோடு போட்ட ஒரு சிலந்தி. உலகத்துக்கே புதுசு. கண்டுபிடித்தவர் அவர்தான் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

கதவு தட்டப்பட்டது. டிராயரைப் பூட்டிவிட்டுப் போய்த் திறந்தார்.

"மேடைக்கு வாங்க சார்!" பொருளாளருக்கு மூச்சு வாங்கியது. "காலமானவங்க படமும் கட்டுரை வாசிச்சவங்க படமும் ஒரே ஃபோல்டர்ல கிடக்கு. அவசரத்துல உங்களுக்கு அஞ்சலி செலுத்திட்டா என்னைத் திட்டாதீங்க."

செயலாளர் சிரிக்கவில்லை. "அண்ணி வந்துட்டாங்களா?"

"எட்டுக்கால் சார் வீட்டம்மாதானே? முதல் வரிசையில இருக்காங்க. அவங்க கையாலதான் உங்களுக்குக் கேடயம்."

அது சிலந்தி ஆய்வுச் சங்கத்தின் வழக்கம். அந்த வருஷம் காலமான உறுப்பினரின் வீட்டாரை அழைத்து, மாநாட்டில் கட்டுரை வாசித்தவர்களுக்கு அவர்கள் கையாலேயே நன்றிக் கேடயம் கொடுக்க வைப்பார்கள். இத்தனை காலம் அழகாகத் தெரிந்த வழக்கம், இன்றைக்குக் கழுத்தை நெரித்தது.

இந்த வருஷம் காலமான எட்டுக்கால் சார் செயலாளருக்கு ரத்த உறவில்லை. ஆனாலும் 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவார். அந்த அண்ணன்தான் ஒருநாள் குப்பியைக் கொண்டுவந்து இவர் கையில் திணித்தார்.

"என் வீட்டுக் குளியலறையிலயே புதுசா ஒருத்தன்டா! உன் மைக்ராஸ்கோப்புல ஒரு தடவை பார்த்துச் சொல்லு. மாநாட்டுல போட்டு உடைச்சிடலாம்."

"பேர் யோசிச்சாச்சா அண்ணே?"

"யோசிக்காமலா? ஆனா உன்கிட்ட மட்டும் சொல்ல மாட்டேன், போடா. வேணாம்னு குதிப்பே."

அந்த வாரமே அண்ணனுக்கு மாரடைப்பு. குப்பி இங்கேயே தங்கிவிட்டது.

திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தார். ஆனால் வாழ்நாள் முழுக்கச் சிலந்தி பார்த்தும், அவருக்கென்று புதிதாக ஒன்று அகப்பட்டதே இல்லை. 'நான் வேலை பார்க்கும் கல்லூரியின் தோட்டத்தில் சேகரித்தது' என்று கட்டுரை எழுதினார். மனசு உறுத்தியதற்கு மருந்தாக, சிலந்திக்கு அண்ணன் பெயரையே வைத்தார். உறுத்தல் போகவில்லை.

அண்ணிக்குத் தெரிந்திருக்குமோ? சேச்சே. சிலந்தியைக் கண்டாலே விளக்குமாற்றைத் தூக்குகிற ஆள்.

அரங்கில் விளக்கு அணைந்தது. திரையில் அண்ணன் சிரித்தார். எல்லோரும் எழுந்து மௌனமாக நின்றார்கள். அந்த மௌனம் முடிவதற்குள் செயலாளரின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

அடுத்த படம், சிலந்தி. சுவர் அகலத்துக்கு.

பொருளாளர் மைக்கைப் பிடித்தார். "புது உயிருக்கு, கண்டுபிடிச்சவர் தன் பேரைத் தானே வெச்சுக்கறது எங்க உலகத்துல மரியாதை இல்லீங்க. யார் மேல உயிரையே வெச்சிருக்காரோ, அவங்க பேரை வைப்பார். நம்ம செயலாளர் யார் பேரை வெச்சிருக்கார்னு பாருங்க!"

கைதட்டல் கூரையைப் பிளந்தது. அண்ணி மட்டும் தட்டவில்லை. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, திரையைப் பார்த்து உதடு அசைய எதையோ எண்ணிக்கொண்டிருந்தார்.

அதைச் செயலாளர் கவனித்தார். கால்களை எண்ணுகிறார்!

மேடையில் கேடயத்தின் ஒரு முனையை அண்ணி பிடித்துக்கொள்ள, மறுமுனையை இவர் பிடித்தார். "அப்படியே இந்தப் பக்கம் பாருங்க," என்றார் போட்டோக்காரர்.

"கல்லூரித் தோட்டத்துலயா தம்பி கிடைச்சது?" அண்ணி கேமராவைப் பார்த்தபடியே மெல்லக் கேட்டார்.

"ஆ... ஆமா அண்ணி."

"குளியலறையில நான்தான் அதை விளக்குமாத்தால தட்டினேன். ஒரு கால் போச்சு. அதுக்காக அன்னிக்கு முழுக்க மனுஷன் என்கூடப் பேசல."

செயலாளர் மைக் பக்கம் திரும்பினார். "அண்ணி... நான் பண்ணினது துரோகம். மைக்கை வாங்கி இப்பவே எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன்."

"வேணாம். நானும் சொல்லப் போறதில்ல. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அந்தப் பேரை மாத்த முடியுமா?"

செயலாளருக்குப் புரியவில்லை. "கட்டுரை அச்சுல வந்துடுச்சு, இனி யார் நினைச்சாலும் மாத்த முடியாது அண்ணி. அண்ணன் பேர்தானே, இருந்துட்டுப் போகட்டுமே?"

"ஃபிளாஷ் அடிக்கல சார், இன்னொண்ணு எடுத்துக்கறேன். கொஞ்சம் சிரிங்க."

அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது. "அவருக்கு அது ஒண்ணுதான் ஆசையா இருந்தது. குப்பியைக் கையில வெச்சுக்கிட்டு, பேர் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்ப்பார்."

"என்ன பேர் அண்ணி?"

"உங்க பேர்தான் தம்பி."