ஒரு பருக்கை

மலத்தில் ரத்தம் போனதால், சிங்காரத்துக்குக் குடலில் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். அதற்கு முந்தைய நாள் முழுக்கப் பேதி மருந்தும் இளநீரும்தான். தாளிக்கும் வாசனை பட்டால் அவருக்கு ஆசை வருமென்று மனைவி மரகதம் அடுப்பே பற்றவைக்கவில்லை. அவளும் பட்டினி கிடந்தாள்.

சாயங்காலம் காலாற நடக்கப் போன சிங்காரம், டீக்கடையில் வடை தின்றுவிட்டு வாயைக் கொப்பளித்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் டாக்டர் பாதியில் நிறுத்திவிட்டார். "குடல் சுத்தமாகலம்மா, ஒண்ணுமே தெரியல. என்ன சாப்பிட்டார்?"

"ஒரு பருக்கை உள்ள போகல டாக்டர். நான் கூடவேதானே இருந்தேன்," என்றாள் மரகதம்.

"அப்போ இன்னைக்கும் மருந்து குடிக்கட்டும். நாளைக்குப் பார்ப்போம்."

மயக்க மருந்து தெளிந்து சிங்காரம் வெளியே வந்ததும், பசியில் மரகதம்தான் தள்ளாடிச் சுவரைப் பிடித்தாள்.

"எதிர்ல ஓட்டல் இருக்கு. நீயாவது சாப்பிடு," என்றார்.

"நீங்க பட்டினி கெடக்கறப்ப எனக்கு எப்படிங்க எறங்கும்?"

சிங்காரத்துக்குத் தாங்கவில்லை. "நேத்து நான் வடை தின்னுட்டேன் மரகதம்."

அவள் அவரைப் பார்க்கவில்லை. தனியாகச் சாலையைக் கடந்து ஓட்டலுக்குள் போனாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவள் சாப்பிடுகிறாளா, அழுகிறாளா என்று இந்தப் பக்கமிருந்து அவருக்குத் தெரியவில்லை.