மணி அடித்த பிறகு

நாளை முதல் விடுமுறை. பத்தாம் வகுப்புக்குச் செய்யுள் நடத்திய கூழைக்கடா டீச்சருக்கே மனம் வகுப்பில் இல்லை. வடக்கே கிளம்ப அவருடைய பறவைக் கூட்டம் வெளியே காத்து நின்றது. மழையைப் பற்றிய பாடலை அவசரமாக வாசித்து முடித்தார். மணியும் அடித்தது.

அணில்கள் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடின. வருஷம் முழுக்க வாயே திறக்காத தவளைப் பெண் அல்லி மட்டும் எழுந்திருக்கவில்லை.

"டீச்சர், துளி விழுந்தா குளம் சிரிக்கும்னு ஒரு வரி வந்துச்சே. நிஜமாவே சிரிக்கும். நான் உள்ளேயிருந்து கேட்டிருக்கேன்."

டீச்சர் மூடிய புத்தகத்தைத் திறந்தார். "எப்படிச் சிரிக்கும், சொல்லு."

அல்லி சிரித்துக் காட்டினாள். ஓடிய அணில்கள் திரும்பி வந்து ஜன்னலில் தொற்றிக்கொண்டன.

"இன்னும் கிளம்பலையா?" என்று கூட்டம் கூப்பிட்டது.

"நீங்க முன்னாடி பறங்க," என்றார் டீச்சர். "எங்களுக்கு இப்பத்தான் வகுப்பு ஆரம்பிச்சிருக்கு."