இத்தாலிக்காரனுக்கு ஒரு ஓட்டு

“கடைசி பஸ்ஸ நம்பிக் காலத்த ஓட்டினது போதும். இத்தாலிக்காரனக் கூட்டிட்டு வாங்க.”

கிளப் அறையின் மேஜைமேல் கிடந்த போனிலிருந்து அந்தக் குரல் வந்ததும் கொத்தனாருக்குச் சுர்ரென்று ஏறியது.

ரசிகர்களே சந்தா கட்டி நடத்துகிற ஃபுட்பால் கிளப் அது. ஒருவனை அனுப்பிவிட்டுப் புது ஆட்டக்காரனைச் சேர்க்க வேண்டுமென்றால் அவர்கள் கை தூக்கினால்தான் உண்டு. வர முடியாதவர்கள் போனில் கருத்துச் சொல்லலாம். இப்போது பேசியவர் தன்னை வெல்டர் என்றார்.

‘கடைசி பஸ்’ அவர்களுடைய மாற்று ஸ்ட்ரைக்கர். ஆட்டம் முடியப் போகிற நேரத்தில்தான் இறங்குவான். ஆனால் எப்படியோ ஒரு கோலைப் போட்டு, எல்லாரையும் சிரித்த முகத்தோடு வீடு சேர்த்துவிடுவான்.

“யோவ் வெல்டரே, போன வருஷம் மண்டையில கட்டோட கோல் போட்டு கப்பு வாங்கிக் குடுத்தானே, அன்னிக்கு நீ எங்கய்யா இருந்த?”

“மைதானத்துலதான் இருந்தேன். போன வருஷம் தின்ன சோறு இந்த வருஷப் பசிக்கு ஆகுமா கொத்தனாரே? அவனுக்கு முட்டி போச்சு. அவன் திரும்புறதுக்குள்ள பந்து பக்கத்து ஊருக்குப் போயிடுது.”

அறையே சிரித்தது. கொத்தனார் சிரிக்கவில்லை.

“அவன் நம்ம புள்ளய்யா. பெரிய கிளப்புக்காரன் வீடு தேடி வந்து கூப்பிட்டப்பகூடப் போகாதவன். இத்தாலிக்காரன் யாராவது நாலு காசு கூடக் காட்டினா போயிட்டே இருப்பான்.”

“இருந்தாலும் அந்த இத்தாலிப் பையன் ஆட்டத்த வீடியோவுல பாத்தேன்,” என்றாள் டெய்லரம்மா. “ரெண்டு காலும் பேசுதுய்யா.”

“இன்னிக்குச் சேதி சொல்லலன்னா வேற கிளப்புல கையெழுத்துப் போட்டுருவான்,” என்றார் செயலாளர்.

போன் மறுபடி பேசியது. இந்த முறை மெதுவாக.

“இத்தன வருஷம் கை தட்டின ஜனம், அவன் நொண்டிக்கிட்டு ஓடுறதப் பாத்து உச்சுக் கொட்டணுமா? அவன்மேல உங்களுக்குப் பெரும இருந்தா, தலநிமிர்ந்து போக விடுங்க.”

போன ஆட்டத்தில் விழுந்தவன், கோல் கம்பத்தைப் பிடித்துத்தான் எழுந்தான். பார்க்க மாட்டாமல் கொத்தனார்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கைகளை எண்ணினார்கள். சரிபாதி. மிச்சம் இருந்தது கொத்தனார் கை ஒன்றுதான்.

சிமெண்ட் மூட்டையைத் தூக்குகிற மாதிரி அந்தக் கை மேலே போனது. “இத்தாலிக்காரனுக்கு.”

“நல்லதுங்க,” என்று போன் அடங்கியது.

“அந்த வெல்டர் மட்டும் கைல கெடைக்கட்டும், செவுத்துல வெச்சுப் பூசிடறேன்,” என்றபடியே கொத்தனார் செருப்பை மாட்டினார். வேறு வாய் போய்ச் சொல்வதற்குமுன் கடைசி பஸ்ஸிடம் தானே சொல்லிவிட வேண்டும். கேலரியிலிருந்து தொண்டை கிழியக் கத்தியிருக்கிறாரே ஒழிய, அவனிடம் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

கதவைத் திறந்தவனின் முட்டியில் ஈரத் துண்டு சுற்றியிருந்தது. கொத்தனார் முகத்தைப் பார்க்காமலே ஆரம்பித்தார்.

“தம்பி, நான் கொத்தனார். கடைசி ஓட்டு என்னோடது. தப்பா எடுத்துக்காத. ஒரு வெல்டர் பய பேசிப் பேசியே என்னக் கவுத்துட்டான்.”

“உள்ள வாங்கண்ணே.”

கொத்தனார் நிமிர்ந்து பார்த்தார். போனில் கேட்ட அதே குரல்.

“வெல்டர் என் மச்சான், போன் மட்டும்தான் அவரோடது. நானா விலகுறேன்னு எத்தன தடவ எழுதிக் குடுத்தும் செயலாளர் விடலண்ணே, வேற வழி தெரியல,” என்று நாற்காலியை இழுத்துப் போட்டான் கடைசி பஸ். “ஆனா ஒண்ணு, இத்தன வருஷ ஆட்டத்துல உங்கள மாதிரி ஒரு டிஃபெண்டர நான் தாண்டினதே இல்ல.”