கேமரா போடாத லண்டன்காரர்

"முதல்ல உங்க முகத்தக் காட்டுங்க, சார். அப்புறம் கையெழுத்தப் பத்திப் பேசலாம்."

சொல்லியே விட்டாள் யகோதா. வேலைக்குச் சேர்ந்த அன்றே கிளை மேலாளர் ராடெக் விரலை ஆட்டிச் சொல்லியிருந்தார்: "லண்டன்காரர்கிட்ட லீவு கேளு, சம்பள உயர்வு கேளு. கேமரா போடுங்கன்னு மட்டும் கேட்டுராத. உனக்கு முன்னாடி இருந்த பொண்ணு கேட்டுச்சு. மறுநாளே வேலை போச்சு."

மடிக்கணினித் திரையில் ஒரு கறுப்புக் கட்டம். அதற்குள் கிளைவ் என்ற பெயர் மட்டும். பயணக் கம்பெனியின் தலைமை முதலாளி. போலந்தில் இருக்கும் கிராக்கோவ் கிளையில் யாரும் இரண்டு வருடமாக அவர் முகத்தைப் பார்த்ததில்லை. எப்போதாவது குரல் கேட்கும்; மற்ற உத்தரவுகளெல்லாம் ராடெக் வந்து சொல்வதுதான்.

"என் முகத்துல என்ன இருக்கு?" ஜலதோஷம் பிடித்ததுபோல் கரகரத்தது குரல். ஆங்கிலம் மட்டும் வழவழவென்று வந்தது. "அனுப்பின கடிதத்துல, நானாவே விலகறேன்னு எழுதியிருக்கு. கீழ பேரப் போடு. மூணேகால் வரைக்கும் டைம்."

"நான் எதுக்கு விலகணும்?"

"காபிக் கடையில உக்காந்து கம்பெனி வேலை பாக்கற. வாடிக்கையாளர் எழுதற புகாரெல்லாம் பக்கத்து மேஜைக்காரன் படிக்கறான். இதுக்கு மேல என்ன வேணும்?"

யகோதாவுக்குச் சுருக்கென்றது. வாடகை மிச்சம் என்று அலுவலகத்தைக் காலி பண்ணியது கம்பெனி. வீடோ காபிக் கடையோ, எங்கே வேண்டுமானாலும் உட்கார்ந்து வேலை பாருங்கள் என்று அனுப்பி வைத்ததும் கம்பெனிதான். அவள் வீடு ஒற்றை அறை. விடிகாலை ஷிப்ட் முடித்து வரும் அம்மா மதியத்தில் அங்கேதான் தூங்க வேண்டும். அதனால்தான் ஊர் நடுச் சதுக்கத்துக்குப் பின்சந்தில் இந்த ஜன்னலோர மேஜை.

"நீங்கதான அனுப்புனீங்க?"

"வாயால சொன்னதெல்லாம் கணக்குல வராது. எழுத்துல இருக்கா?"

கடைக்காரி லூத்கா துடைப்புத் துணியோடு வந்து நின்றாள். "ஏம்மா, ஒரே காபிய மூணு மணி நேரமாக் குடிக்கற. கப்புக்குள்ள மீன் வளக்கறியா?" என்று ஆரம்பித்தவள், யகோதாவின் முகத்தைப் பார்த்ததும் ஒரு கிளாஸ் தண்ணீரை வைத்துவிட்டுப் போனாள்.

கிளைவிடமிருந்து சற்று நேரம் சத்தமே இல்லை. கைபேசி மினுங்கியது. ராடெக்கின் செய்தி: "போட்டுடு கண்ணு. உனக்காக எவ்வளவோ சண்டை போட்டுப் பாத்துட்டேன். அந்த ஆள் கல்லு." கடைசியில் ஒரு அழுகிற பொம்மை முகம்.

இந்த மாதம் ஏற்கெனவே இரண்டு பேர் இப்படிக் கையெழுத்துப் போட்டாயிற்று. இரண்டு பேரையும் ராடெக் கட்டிப்பிடித்து, கண் கலங்கித்தான் வழியனுப்பினார். போட்டால் மூன்று மாத நோட்டீஸ் கிடையாது, எங்கேயும் புகார் செய்யவும் முடியாது.

"போடலன்னா?" என்றாள்.

"கம்பெனி ரகசியத்த வெளிய விட்டவள்னு சான்றிதழ்ல எழுதுவேன். உங்க ஊர்ல ஒருத்தனும் வேலை தரமாட்டான்."

"எங்க ஊரப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. ஒரு தடவகூடக் கால் வச்சதில்ல, வைக்கப்போறதும் இல்ல. உங்கம்மா எஃகு ஆலை கேன்டீன்ல தட்டுக் கழுவறாங்களாமே? நீயும் போய்ப் பக்கத்துல நில்லு."

அந்தத் தட்டுகள்தான் அவளைப் படிக்க வைத்தன; கம்பெனியில் அதை அவள் ராடெக்கிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள். வீட்டுக்கு வந்த முதல் பட்டம் அவளுடையது. கர்சரைக் கையெழுத்துக் கோட்டுக்குக் கொண்டுபோனாள். வேலையும் போய், பேரும் கெட்டுப் போனால் அம்மாவிடம் என்னவென்று சொல்வது?

அப்போது மணி மூன்று. சதுக்கத்துத் தேவாலயக் கோபுரத்திலிருந்து மணிக்கொரு தடவை ஊதும் எக்காளம் திறந்த ஜன்னல் வழியாக உள்ளே கொட்டியது. பழக்கத்தில் யகோதா வாயை மூடிக்கொண்டாள். கிளைவும் பேசவில்லை. ஏறி, இறங்கி, மறுபடி ஏறிய எக்காளம், அந்த ஊர் வழக்கப்படி ஒரு சுரத்தின் நடுவிலேயே, கத்தியால் வெட்டினாற்போல் நின்றது. சந்தும் கடையும் ஒரு கணம் அமைதியாயின.

"ம், போடு," என்றார் கிளைவ்.

யகோதா அந்தக் கறுப்புக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடிதத்தை மூடினாள். சார்ஜரைப் பிடுங்கிச் சுருட்டிப் பைக்குள் திணித்தாள். நாற்காலி கிறீச்சிட்டது.

"என்ன சத்தம்? எங்க எந்திரிக்கற?"

"தொழிலாளர் ஆய்வாளர் ஆபீஸ் நாலு மணி வரைக்கும் திறந்திருக்கும். முன்னாடி போட்ட ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போறேன்."

"இங்க லண்டன்ல உக்காந்துக்கிட்டே உன்ன நசுக்கிருவேன்!"

"நசுக்குங்க, ராடெக் சார்."

பதிலாக வந்த குரலில் கரகரப்பு இல்லை, ஆங்கிலமும் இல்லை. "எப்படிக் கண்டுபிடிச்ச?"

திறந்த மடிக்கணினியைத் தட்டுபோல ஏந்திக்கொண்டு யகோதா வாசற்படியில் இறங்கியிருந்தாள்.

"எக்காளம் அப்படித்தான் முடியும்னு இந்த ஊர்க்காரங்களுக்குத்தான் தெரியும். நெசமான லண்டன்காரனா இருந்தா, எக்காளம் பாதியில அறுந்ததும் 'ஹலோ, ஹலோ, லைன் போச்சா'ன்னு கத்தியிருப்பான்."