திறக்காத கூரை

“கூரையை ஒட்டிப்போட்டீங்களா? ஆர் சொன்னது ஒட்டச் சொல்லி?”

தவராசா போட்ட சத்தத்தில் மேசையில் நின்ற பிரெஞ்சுச் சிப்பாய் ஒருவர் விழுந்தே விட்டார்.

ஒரு அங்குலச் சிப்பாய்தான். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் திருகோணமலைக் கோட்டைக்கு அடிபட்ட காலத்தை மேசையில் பரப்பி, தாயக்கட்டை உருட்டிச் சண்டை பிடிக்கும் ஆறு பேர் நாங்கள். பிள்ளை குட்டி உள்ளவர்கள்தான். வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் தவராசாதான் தலைவர். சட்டம் என்றால் சட்டம் அவருக்கு. முதல் சட்டம், மேசைக்கு வீடு செய்கிறவர் கூரையை ஒட்டக்கூடாது. கூரையைக் கழற்றினால்தானே சிப்பாய்களை உள்ளே நிறுத்திச் சன்னலால் சுடலாம்?

இது தெரிந்தும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறார் கிண்ணியா ரிஸ்லா. பல் கட்டும் இடத்தில் வேலை, கை அவ்வளவு நுணுக்கம். ஒவ்வொரு ஓட்டிலும் பாசி பிடித்த நிறம் அடித்திருந்தார். மூன்று மாத உழைப்பு. மேசையில் ஒரு வீடு வைத்தால்தான் எங்களில் ஒருவராகச் சேரலாம்.

“வடிவான வீடு அண்ணை,” என்றார் எங்கள் கூட்டத்து இராகுலன். “இந்த முறை விடுங்கோவன்.”

“ஏலாது. கூரை திறக்காட்டி அது வீடில்லை, சும்மா பார்வைக்கு வைக்கிற சோடினை.”

“உங்கட வெள்ளை வீடும் திறக்காதே?” இராகுலன் விடவில்லை.

மேசையின் கடற்கரை ஓரத்தில் தவராசா செய்த வெள்ளை வீடு நிற்கிறது. ஒன்பது வருடமாக ஒரு சிப்பாயும் அதற்குள் போனதில்லை.

“அது உப்புக்காத்துக்கு இறுகிப்போச்சு. இது வேணுமெண்டு ஒட்டினது. ரெண்டும் ஒண்டோ?”

நியாயம்தான் என்று தலையாட்டினோம். தலையாட்ட எங்களுக்குச் சொல்லியா தர வேண்டும்!

தவராசா சின்னக் கத்தியை எடுத்து ஓட்டின் விளிம்பில் வைத்தார். “கழட்டித் தாறன். அப்ப சேர்க்கலாம்.”

ரிஸ்லா வீட்டைப் பறித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். “வாணாம் சேர். என்னைச் சேர்க்காட்டியும் பரவால்ல.”

“ஏன் பிள்ளை?”

“உள்ளுக்கு ஆக்கள் இரிக்காங்க.”

நாங்கள் சிரித்துவிட்டோம். தவராசா சிரிக்கவில்லை. போன் வெளிச்சத்தைச் சன்னலுக்குள் அடித்துப் பார்த்தார். பிறகு எங்களையும் பார்க்கச் சொன்னார்.

உள்ளே பாய் விரித்திருந்தது. நடுவில் பெரிய சோற்றுத் தட்டு ஒன்று. அதைச் சுற்றி, எங்கள் சிப்பாய்களின் அளவிலேயே ஐந்து பேர். ஒரு குழந்தை மட்டும் சோற்றை விட்டுவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பியிருந்தது.

“சாப்பிட்டுக்கிட்டு இரிக்கக்குள்ள துவக்கோட உள்ள போனா, அதுகள் எங்க சேர் போறது?”

யுத்த காலத்தில் இந்த ஊரில் அந்தக் கேள்வியைக் கேட்காத வீடு ஏது?

தவராசா கத்தியை மடக்கினார். ரிஸ்லாவிடமிருந்து வீட்டை இரண்டு கையாலும் வாங்கி, தன் வெள்ளை வீட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“சேர்த்தாச்சு,” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“உப்புக்காத்துக்கு இறுகிப்போச்சு எண்டு சொல்லியிருக்கலாமே பிள்ளை. நான் ஒன்பது வருசமா அப்பிடித்தானே சொல்லுறன்.”