ஆமைக்குப் போட்ட கடைசிப் பந்து

ஏரிக்கரை மாமர நிழல் இந்தக் கோடைக்கு யாருக்கு என்று முடிவாக வேண்டிய கிரிக்கெட் ஆட்டம் அது. மீதி ஒரே பந்து. ஆமையின் அணிக்கு இரண்டு ரன் தேவை. மட்டையோடு நின்றது ஆமை. பந்து குரங்கின் கையில் இருந்தது. அதன் வேகத்தைப் பார்த்துக் காலையில் முயல் மட்டையைப் போட்டுவிட்டே ஓடியிருந்தது.

விக்கெட் கீப்பர் கீரி அருகில் வந்தது. "மச்சான், அது ஆமைடா. மெதுவா, நேராப் போடு, போதும்."

"மெதுவாப் போட்டுப் பழக்கமில்லையேடா" என்றது குரங்கு. இத்தனை நாளும் வேகத்தைத் தவிர வேறெதையும் அதனிடம் யாரும் கேட்டதில்லை.

பல்லைக் கடித்துக்கொண்டு வீசியது. பந்து எங்கோ விலகிப் போக, கீரி பாய்ந்து பிடித்தது. நடுவர் கொக்கு இரண்டு சிறகையும் விரித்தது. வைடு, ஒரு ரன்.

இன்னும் வேகமாக வீசினால் சரியாகிவிடும் என்று குரங்குக்குத் தோன்றியது. வீசியது. கொக்கு மறுபடியும் சிறகை விரித்தது. ஆட்டம் முடிந்தது.

குரங்கு ஆமையிடம் போனது. "அசையாம நின்னு ஜெயிச்சுட்டியே, அவ்வளவு தைரியமா உனக்கு?"

ஓட்டுக்குள்ளிருந்து நடுங்கும் குரல் வந்தது. "இன்னும் போடலையா அண்ணே? சீக்கிரம் போடுங்க, பயமா இருக்கு."