தூது இல்லாத அறை

அம்மாவை வெளியே உட்காரச் சொன்னதுமே மகளுக்குத் தெரிந்துவிட்டது, இன்றைக்கு ஜெயம் தனக்குத்தான் என்று.

அப்பாவுக்குத் தெரியவில்லை. பாவம்.

ஏழு மாதமாக அவர் அவளிடம் பேசுவதில்லை. மூன்றாவது முறை நீட் எழுத மாட்டேன், வரலாறு படிக்கப் போகிறேன் என்று அவள் சொன்ன நாளிலிருந்து இப்படி.

எது சொல்வதானாலும் அம்மா வழியாகத்தான்.

“அவள சாப்பிடச் சொல்லு.”

“பஸ் பாஸ் எடுத்தாச்சான்னு அவகிட்ட கேளு.”

அவள் இரண்டடி தள்ளித்தான் நின்றுகொண்டிருப்பாள். அம்மா தபால்காரர் மாதிரி இந்தப் பக்கம் திரும்பி அதையே மறுபடி சொல்வாள். அவளும் பதிலை அம்மாவிடமே கொடுப்பாள். அப்பனுக்குத் தப்பாமல் பிறந்த பிள்ளை.

எரிச்சலாக வரும். குளிக்கும்போது அழுகையாகவும் வரும். அவர் ஒருதரம் திட்டினால்கூடப் போதும் என்றிருந்தது.

இந்த ஆலோசனை மையத்தைத் தேடிப் பிடித்தது அவள்தான். பாளையங்கோட்டையில், ஒரு பேக்கரிக்கு மாடியில். அப்பா வரச் சம்மதிப்பதற்குள் அம்மா இரண்டு வேளை பட்டினி கிடக்க வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டில் கண் ஆஸ்பத்திரி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள்.

முதல் இரண்டு வாரமும் அதே கூத்து. ஆலோசகர் பியூலா மேடம் அப்பாவைக் கேட்டார். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா இவளைப் பார்த்தாள்.

மூன்றாவது வாரம் மேடம் சிரித்துக்கொண்டே சொன்னார்.

“இன்னைக்கு அம்மாவுக்கு லீவு.”

அம்மா வெளியே போனாள். டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று மேடமும் எழுந்து போய்விட்டார்.

கதவு சாத்திக்கொண்டது.

அப்பா மேஜையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். செல்லை எடுத்தார், வைத்தார்.

அவள் அசையவில்லை. இரண்டு மணி நேரம் ஆனாலும் சரி. பரீட்சையில் வேண்டுமானால் அவள் தோற்பாள், இதில் மாட்டாள்.

தலைக்கு மேலே ஃபேன் முழு வேகத்தில் சுற்றியது. அப்பாவுக்கு அந்தக் காற்று ஆகவே ஆகாது. வீட்டில் இரண்டாம் நம்பரைத் தாண்ட விடமாட்டார்.

ஒரு தும்மல்.

இன்னொன்று.

மூன்றாவது தும்மலில் மூக்கைத் துடைத்துக்கொண்டு இடது பக்கம் திரும்பினார். பழக்கதோஷம்.

“அவள அந்த...”

நாற்காலி காலியாக இருந்தது.

அப்பாவின் காது சிவந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

சுவிட்ச் ஒன்றும் தூரத்தில் இல்லை. நாலு எட்டு வைத்தால் அவரே குறைத்துக்கொள்ளலாம். நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு எழப் போனார்.

அவள் மனசுக்குள் கெஞ்சினாள்.

எழுந்திருக்காதீங்க அப்பா. எழுந்திருக்காதீங்க.

பாதி எழுந்தவர் அப்படியே நின்றார். பிறகு மெதுவாக உட்கார்ந்தார்.

“ஏட்டி.”

தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“அந்த ஃபேனக் கொஞ்சம் குறை.”

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. முகத்தைக் காட்டாமல் எழுந்து சுவிட்ச் பக்கம் போனாள்.

ரெகுலேட்டர் ஐந்தில் இருந்தது.

நாலில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.